குண்டின் பி.சி. எண்ணும் திருநெல்வேலிச் சீமைக் காற்றும்

ரைபிள் குண்டு தயாரிக்கும் அமெரிக்காவின் ஹார்னடி நிறுவனத்தின் பட்டியலில் வி-மேக்ஸ் வரிசையில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வரும். இரண்டுக்கும் விட்டம் .224 அங்குலம். ஒன்று 53 கிரெய்ன் எடை, மற்றது 55 கிரெய்ன். காற்றின் தடையைத் தாண்டிக் குண்டு தன் வேகத்தை எவ்வளவு காப்பாற்றுகிறது என்று காட்டும் எண்ணான பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், அதாவது பி.சி., எடை குறைந்த 53-க்கு 0.290 என்றும், எடை கூடிய 55-க்கு 0.255 என்றும் போட்டிருக்கும். கனமான குண்டுதான் காற்றைக் கிழித்துக்கொண்டு நன்றாகப் போகும் என்று நினைப்பவர்களுக்கு இது அச்சுப்பிழை போலத் தோன்றும். பிழை இல்லை. அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது சரிதான் என்று புரிந்துவிடும்.

பாளையங்கோட்டைப் பக்கம் என்.சி.சி.யில் துப்பாக்கியைத் தொட்டு, அப்புறம் ஆர்வம் பிடித்து ரைபிள் கிளப்புக்கு வரும் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, பி.சி. கூட இருக்கிற தோட்டாதான் நல்லதா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பதில் அவர்களுக்கு உதவாது. எந்த அளவுகோலில் அளந்த பி.சி., எந்த வேகத்தில், எவ்வளவு தூரத்துக்கு, எந்தக் காற்றில் என்ற நான்கும் தெரியாமல் இந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அதிலும் ஆனி, ஆடியில் காற்று அடிக்கும் நம் ஊரில் நான்காவது கேள்விதான் முதலில் வர வேண்டும்.

கட்டுரை முழுக்கக் குண்டு என்று நான் சொல்வது குழலை விட்டுப் பறந்து போகும் பகுதியை மட்டும். தோட்டா என்றால் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. கிரெய்ன் என்பது எடை அளவு. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 55 கிரெய்ன் ஏறக்குறைய மூன்றரை கிராம்.

பி.சி. இரண்டு விஷயங்களால் ஆனது. முதலாவது, குண்டின் எடை அதன் முகப்பரப்பை ஒப்பிட எவ்வளவு என்பது. பவுண்டில் எடையை எடுத்து, அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். குறுக்குவெட்டு அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். 55 கிரெய்ன் குண்டுக்கு இது 0.157. 53-க்கு 0.151. இரண்டாவது, வடிவம். ஒரு மாதிரிக் குண்டை ஒப்பிட இந்தக் குண்டு காற்றில் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் எண், வடிவ எண். இது சிறியதாக இருக்க இருக்க நல்லது. குறுக்குவெட்டு அடர்த்தியை வடிவ எண்ணால் வகுத்தால் பி.சி. வந்துவிடும்.

இப்போது அந்த இரண்டு வி-மேக்ஸ் குண்டுகளுக்கும் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 55-க்கு வடிவ எண் 0.61. 53-க்கு 0.52. எடையில் இழந்தது நான்கு சதவீதத்துக்கும் குறைவு, வடிவத்தில் சம்பாதித்தது பதினைந்து சதவீதம். 53 கிரெய்ன் குண்டை வடிவமைத்தவர்கள் மூக்கை நீட்டி, உடம்பை ஒல்லியாக்கி இதைச் சாதித்திருக்கிறார்கள்.

வடிவத்தின் பலம் என்ன என்று காட்ட நம் சீமையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1799-லும் 1801-லும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்க வந்த கம்பெனிப் படையின் கையில் இருந்தது முக்கால் அங்குலக் குழல் கொண்ட மஸ்கட் என்ற பழைய துப்பாக்கி. அதில் போடும் ஈயக் குண்டு உருண்டை. குழலை விடச் சற்றுச் சிறியது, சுமார் .69 அங்குலம். ஈயத்தின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் அதன் எடை 490 கிரெய்னுக்குச் சற்று மேல். குறுக்குவெட்டு அடர்த்தி 0.148. இன்றைய 55 கிரெய்ன் குண்டின் 0.157-க்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது! ஒன்பது மடங்கு கனமான உருண்டை, ஆனால் முகப்பரப்பும் அதற்கேற்பப் பெரிது. இந்த ஒரு கணக்கில் மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் உருண்டையின் பி.சி. 0.1-ஐ ஒட்டித்தான் வரும். மிச்சம் உள்ள வித்தியாசம் முழுவதும் வடிவம் தந்தது. உருண்டைக்குப் பின்னால் காற்று கலைந்து சுழன்று, ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டே வருகிறது. கூர்மூக்குக் குண்டுக்குப் பின்னாலும் அது உண்டு, அளவு குறைவு.

காற்று குண்டை எவ்வளவு தடுக்கிறது என்று முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட கனமான பலகையில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்துக் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். வெவ்வேறு தூரத்தில் பலகையைத் தொங்கவிட்டுச் சுட்டபோது, காற்றின் தடை அதுவரை எல்லோரும் நினைத்திருந்ததை விடப் பல மடங்கு என்று தெரிந்தது. 1742-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று ஏறுவதையும் அவர் கவனித்திருந்தார். அவரைக் கம்பெனி தன் தலைமைப் பொறியாளராக இங்கே அனுப்பியது. 1751-ல் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். பாலிஸ்டிக்ஸ் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இந்தத் துறையின் மூலவர்களில் ஒருவர் நம் கடற்கரையில்தான் கடைசி மூச்சை விட்டார்.

சரி, மாதிரிக் குண்டு என்றேனே, அது எது? பழைய மாதிரிக்கு ஜி1 என்று பெயர். 1881-ல் ஜெர்மனியின் க்ரூப் ஆலை நடத்திய சோதனைகளிலிருந்து வளர்ந்து வந்தது. ஒரு அங்குல விட்டம், ஒரு பவுண்டு எடை, தட்டையான அடி, அதிகம் நீளாத மூக்கு. இந்தக் குண்டின் பி.சி. வரையறைப்படியே 1. ரஷ்யரான மாயெவ்ஸ்கியும் அமெரிக்கரான இங்கால்ஸும் இதற்கான கணக்கு அட்டவணைகளைப் போட்டார்கள். இன்றைக்கும் பெட்டிகளில் வேறு எதுவும் சொல்லாமல் வெறுமனே பி.சி. என்று அச்சடித்திருந்தால் அது ஜி1 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இன்றைய நீண்ட தூரக் குண்டுகள் அந்தப் பழைய குண்டைப் போல் இல்லை. மூக்கு நீளம், அடிப்பக்கம் படகின் பின்புறம் போலக் குறுகி முடியும். அதற்குப் பொருத்தமான மாதிரி இருபதாம் நூற்றாண்டில் வந்த ஜி7. ஒரே குண்டுக்கு ஜி1-ல் ஒரு எண், ஜி7-ல் வேறு எண். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிள் 5.56 மில்லிமீட்டர், அந்த அளவில் 1980-ல் நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்ட 62 கிரெய்ன் குண்டை எடுத்துக்கொள்வோம். அதன் அமெரிக்க வடிவமான எம்855-க்கு ஜி1 பி.சி. 0.304. ஜி7 பி.சி. 0.151. குண்டு ஒன்றுதான், பறப்பதும் ஒரே மாதிரிதான். ஒருவர் ஜி7 எண்ணையும் இன்னொருவர் ஜி1 எண்ணையும் வைத்துக்கொண்டு எது உசத்தி என்று வாதாடுவது, படியில் அளந்த நெல்லையும் மரக்காலில் அளந்த நெல்லையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவதுபோல ஆகிவிடும்.

ஜி7-ஐ ஏன் பலர் விரும்புகிறார்கள் என்றால், குண்டின் வடிவம் மாதிரியோடு ஒத்துப்போகும்போது அந்த எண் வேகத்துக்கு வேகம் அதிகம் மாறாது. ஜி1-ல் அப்படி இல்லை. நீண்ட படகு அடிக் குண்டின் ஜி1 பி.சி., குழல் வாயில் ஒன்றாகவும் ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் வேறாகவும் இருக்கும். சியரா நிறுவனம் இதை மறைக்காமல் ஒவ்வொரு குண்டுக்கும் வேகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனி எண் தருகிறது. நேர்மையான வழக்கம் அது. மற்றவர்கள் ஒரே எண்ணைத் தரும்போது, அது பெரும்பாலும் குண்டு வேகமாக இருக்கும்போது கிடைக்கும் நல்ல எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அளக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் இரண்டு இடத்தில் வேகம் அளக்கும் கருவியை வைத்து, நடுவில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். இப்போது டாப்ளர் ரேடார் குண்டைப் பறக்கும் வழி முழுக்கப் பின்தொடர்ந்து படிக்கிறது. ஹார்னடி நிறுவனம் 2015-ல் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. ரேடாரில் பார்த்தபோது, பி.சி. கூடிய சில குண்டுகளுக்குப் போகப் போகத் தடை எதிர்பார்த்ததை விட அதிகமாகியிருக்கிறது. காரணம் தேடினால், மூக்கில் இருந்த பிளாஸ்டிக் முனை காற்று உராய்ந்து ஏற்பட்ட சூட்டில் இளகி உருமாறியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் சூடு தாங்கும் முனைக்கு மாறினார்கள். இரண்டு கருவி வைத்து அளந்த காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை.

சிறு அளவுக் குண்டுகளின் எண்கள் ஏன் பொதுவாகவே குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரே வடிவக் குண்டை எல்லாப் பக்கமும் சமமாகச் சிறிதாக்கினால் எடை மும்மடிக் கணக்கில் குறையும், முகப்பரப்பு இருமடிக் கணக்கில்தான் குறையும். ஆகவே விட்டம் எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் பி.சி.யும் குறையும். .308 அங்குலக் குண்டை அச்சு அசலாக .224-க்குச் சுருக்கினால் பி.சி. நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பழைய போலீஸ்காரர்கள் இன்றும் பாசத்தோடு பேசும் திரீ நாட் திரீயின் 174 கிரெய்ன் குண்டுக்குக் குறுக்குவெட்டு அடர்த்தி 0.257. .224-ல் 77 கிரெய்ன் அளவுக்கு ஏற்றினால்கூட 0.219-தான் வரும். சிறிய குண்டுக்காரர்கள் வடிவத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். அதைத்தான் செய்கிறார்கள்: ஹார்னடியின் இ.எல்.டி. என்ற வரிசையில் 75 கிரெய்ன் குண்டின் ஜி1 பி.சி. 0.467, 88 கிரெய்னுக்கு 0.545.

இந்த எண் கூடினால் சுடுகிறவருக்கு என்ன கிடைக்கும்? பலரும் முதலில் சொல்வது, குண்டு கீழே இறங்குவது குறையும் என்று. குறையும்தான், ஆனால் அது பெரிய லாபம் இல்லை. தூரம் தெரிந்தால் இறக்கம் தெரியும். குறிபார்க்கும் சைட்டைத் திருகி ஏற்றிவிடலாம். புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான். காற்று அப்படி இல்லை. பி.சி.யின் உண்மையான பலன் பக்கவாட்டுக் காற்றில்தான் தெரியும்.

காற்று குண்டின் விலாவில் மோதி அதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் நாம் மனதில் படம் போடுகிறோம். நடப்பது வேறு. சுழன்று பறக்கும் குண்டு, தனக்கு எதிரே வரும் காற்றின் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. பக்கக் காற்று இருந்தால் மூக்கு இம்மி அளவு காற்று வரும் பக்கம் திரும்பும். அப்போது தடை நேர் பின்னால் இழுக்காமல் சற்றுச் சாய்வாக இழுக்கும். அந்தச் சாய்வுதான் குண்டை ஒதுக்குகிறது. ஆகவே தடையே இல்லை என்றால் ஒதுங்கலும் இல்லை. கணக்கு மிக எளிது: குண்டு இலக்கை அடைய உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, வேகம் குறையாமலே போயிருந்தால் எடுத்திருக்கும் நேரத்தைக் கழியுங்கள். மிஞ்சும் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். அதுதான் ஒதுங்கல்.

இந்தச் சூத்திரம் ஒரு எதிர்பாராத உண்மையைக் கொண்டுவருகிறது. .223 ரெமிங்டன் தோட்டாவில் இரண்டு குண்டுகளை எடுங்கள். 55 கிரெய்ன் வி-மேக்ஸ், பி.சி. 0.255, குழல் வாயில் விநாடிக்கு 3240 அடி. போட்டிக்கென்று செய்த 75 கிரெய்ன் மேட்ச் குண்டு, பி.சி. 0.395, வேகம் 2790 அடிதான். 300 கெஜத்தில் வைத்த இலக்கை 55 கிரெய்ன் குண்டு 0.34 விநாடியில் அடைந்துவிடும். 75 கிரெய்னுக்கு 0.37 ஆகும். பிந்தி வருகிறது, அதனால் காற்றில் அதிகம் ஒதுங்கும் என்றுதானே தோன்றும்? தாமதத்தைப் பாருங்கள். முதல் குண்டுக்குத் தாமதம் 0.061 விநாடி, இரண்டாவதுக்கு 0.046. விநாடிக்கு நாலரை மீட்டர் காற்றில் முதலாவது 27 சென்டிமீட்டர் ஒதுங்குகிறது, இரண்டாவது 20-தான். வேகம் குறைந்த குண்டு காற்றில் உறுதியாக நிற்கிறது. பி.சி.யின் மதிப்பு எனக்கு முழுசாகப் புரிந்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான். இதைப் பையன்களை உட்காரவைத்து அவர்கள் கையாலேயே போடச் சொல்கிறேன்.

விநாடிக்கு நாலரை மீட்டர் என்பது நம் ஊரில் ஒரு காற்றே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பிதுங்கிக்கொண்டு வருகிறது. பணகுடி, இராதாபுரம், கயத்தாறு என்று காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். கயத்தாறில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமே இருக்கிறது. ஒரு காற்றாலை முழு உற்பத்தியைத் தொடுவது விநாடிக்கு 12 மீட்டரை ஒட்டிய வேகத்தில். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் இந்தப் பக்கத்தில் நின்றுதான் சொல்லியிருப்பார்கள். காற்று இரட்டித்தால் ஒதுங்கலும் இரட்டிக்கும்.

இப்போது நம் கைக்கு உண்மையில் எட்டும் துப்பாக்கிக்கு வருவோம். இன்சாஸ் குண்டெல்லாம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் உரியது. கிளப்பில் சுடுகிறவருக்குக் கிடைப்பது .22 லாங் ரைபிள். அந்தத் தோட்டாவை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். கூட்டுக்கும் குண்டுக்கும் ஒரே பருமன். குண்டின் அடிப்பகுதி மட்டும் சிறுத்துக் கூட்டுக்குள் இறங்கியிருக்கும். வெற்று ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். மூக்கு உருண்டை. 40 கிரெய்ன் எடை. நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மென்மை. இதன் ஜி1 பி.சி. கம்பெனியைப் பொறுத்து 0.12-லிருந்து 0.14 வரை. மேலே பார்த்த 75 கிரெய்ன் குண்டில் மூன்றில் ஒரு பங்கு. தேரிக்காட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பிசுபிசுப்பில் செம்மணல் தூசி ஒட்டிக்கொண்டால் அது அப்படியே குழலுக்குள் போகும். பெட்டியைத் திறந்து போடாதீர்கள்.

50 மீட்டரில் இந்தக் குண்டுக்கு என்ன ஆகிறது? குழல் வாயில் விநாடிக்கு 325 மீட்டர், இலக்கில் 295 மீட்டரை ஒட்டி. தாமதம் விநாடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. கேட்டால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது. விநாடிக்கு 5 மீட்டர் பக்கக் காற்றில் இது 4 சென்டிமீட்டர் ஒதுங்கல். சர்வதேச இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். நடுவில் விழ வேண்டிய குண்டு ஐந்தில் விழும். காற்றாலை முழு வேகத்தில் சுற்றும் 12 மீட்டர் காற்றில் ஒதுங்கல் 10 சென்டிமீட்டர் ஆகி, வளையங்களுக்கே வெளியே போய்விடும். மூச்சு, விசை இழுப்பு, நிற்கும் நிலை எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பழகிவிட்டு, காற்றைப் படிக்காமல் ஒரே குண்டில் ஐந்து மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இங்கேதான் இன்னொரு தவறு நடக்கிறது. காற்றை வெல்லலாம் என்று அதிவேக .22 தோட்டாவைத் தேடுகிறார்கள். அது குழல் வாயில் விநாடிக்கு 380 மீட்டர் வரை போகும். ஒலியை விட வேகம். ராபின்ஸ் பார்த்த அந்தத் திடீர்த் தடை இங்கே வந்து நிற்கிறது. ஒலி வேகத்தின் இரு பக்கத்திலும் உருண்டை மூக்குக் குண்டுக்குத் தடை மலைபோல் ஏறும். அதிவேகக் குண்டு தன் வேகத்தை அந்தப் பகுதியிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. 100 கெஜத்துக்குக் கணக்கிட்டால் சாதாரண வேகத் தோட்டாவின் தாமதம் 0.026 விநாடியை ஒட்டி, அதிவேகத் தோட்டாவுக்கு 0.029. முன்னதாகப் போய்ச் சேர்கிறது, ஆனாலும் காற்றில் அதிகம் ஒதுங்குகிறது. போட்டித் தோட்டாக்கள் எல்லாம் ஒலிக்குக் கீழே இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நம் வெயில் இதில் கொஞ்சம் உதவி செய்கிறது. ஒலியின் வேகம் 15 பாகை செல்சியஸில் விநாடிக்கு 340 மீட்டர். பாளையங்கோட்டையில் சாதாரணமாக அடிக்கும் 35 பாகையில் 352. அதே 325 மீட்டர் குண்டு குளிர்நாட்டில் ஒலி வேகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பறக்கிறது. இங்கே சற்றுத் தள்ளிப் பறக்கிறது. தடை குறையும். அதோடு சூடான காற்று மெலிந்தும் இருக்கும். பி.சி. எண்கள் 15 பாகைக்குக் கணக்கிட்டவை. 35 பாகையில் காற்றின் அடர்த்தி ஆறேழு சதவீதம் குறைவு. ஈரப்பதம் கூடினால் காற்று கனக்கும் என்று பலர் சொல்வார்கள், உண்மையில் ஈரக்காற்றுதான் லேசு. மாஞ்சோலை உயரத்துக்கு, அதாவது ஆயிரம் மீட்டருக்கு, ஏறினால் அங்கே குளிர்ந்திருந்தாலும் சமவெளியை விட இன்னொரு ஆறேழு சதவீதம் மெலியும். கணக்குக்காகச் சொல்கிறேன், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், அங்கே துப்பாக்கிக்கு வேலை இல்லை.

பி.சி.யைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? அதற்கும் விலை உண்டு. பி.சி. கூடிய குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு தலைகுப்புறக் கவிழாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும். கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயர் 1879-ல் போட்ட சூத்திரத்தில் குண்டின் எடை வருவதே இல்லை, நீளமும் விட்டமும்தான். அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைபிளில் 55 கிரெய்ன் குண்டுக்கு, குழலுக்குள் வெட்டியிருக்கும், குண்டைச் சுழலவைக்கும் வரிச்சுருள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் போதுமாக இருந்தது. பிறகு நீண்ட குண்டுகள் வந்ததும் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்ற வேண்டி வந்தது. 75, 77 கிரெய்ன் குண்டுக்குக் குறைந்தது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டும். பழைய 12 அங்குலக் குழலில் 77 கிரெய்ன் குண்டைப் போட்டால் அது பக்கவாட்டில் திரும்பி அட்டையில் நீளவாக்கில் ஓட்டை போடும். அப்போது பெட்டியில் அச்சடித்த பி.சி.க்கு எந்த அர்த்தமும் இல்லை. 80 கிரெய்னைத் தாண்டினால் தோட்டா நீண்டு மேகசினுக்குள் அடங்காது; ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். நம் .22 குழல்கள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 40 கிரெய்ன் குண்டுக்கு அதுதான் அளவு.

பி.சி. அறவே தேவைப்படாத இடமும் உண்டு. 10 மீட்டர் ஏர் ரைபிளில் போடும் .177 பெல்லட்டின் முகம் தட்டை. பி.சி. கணக்கில் அதைவிட மோசமான வடிவம் அரிது. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில்தான் வரும். ஆனாலும் ஒலிம்பிக்கில் அதைத்தான் சுடுகிறார்கள். அரங்குக்குள் காற்று இல்லை, தூரம் பத்தே மீட்டர். தட்டை முகம் அட்டையில் பிசிறில்லாமல் வட்டமாக வெட்டும், மதிப்பெண் பார்க்க அதுதான் வேண்டும். ஏர் ரைபிள் பிள்ளைகள் பெல்லட்டின் பி.சி.யை அலசிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்வேன்.

.22-லும் கிட்டத்தட்ட இதே நிலைதான். 0.12-க்கும் 0.14-க்கும் உள்ள வித்தியாசம் 5 மீட்டர் காற்றில் 50 மீட்டரில் அரை சென்டிமீட்டர்தான், காற்று ஒரு மூச்சு ஏறி இறங்கினாலே அது கரைந்துவிடும். அதைவிட முக்கியம், பெட்டிக்குள் இருக்கும் ஐம்பது குண்டும் ஒன்றுபோல் இருப்பது. ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். அதனால்தான் நல்ல சுடுநர்கள் பெட்டியின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, தங்கள் குழலுக்குப் பிடித்த தொகுதி அமைந்தால் அதையே மொத்தமாக வாங்கிவைக்கிறார்கள். குண்டின் மூக்கில் சின்ன நசுக்கல் இருந்தால்கூடப் பெரிதாகக் கெடாது. அடிப்பக்கம் நசுங்கினால்தான் குழலை விட்டு வெளியேறும் நொடியிலேயே குண்டு ஒரு பக்கம் உதைபடும்.

காற்றைப் படிப்பதற்கு ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்தால் போதும். 50 மீட்டர் தளத்தில் கொடித்துணிகள் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் தொங்கும். இரண்டும் வேறு வேறு திசை காட்டினால் எதை நம்புவது? பக்கத்தில் இருப்பதை. பாதையின் முதல் பாதியில் மட்டும் காற்று அடித்தால் மொத்த ஒதுங்கலில் முக்கால் பங்கு வந்துவிடும், பின்பாதியில் மட்டும் அடித்தால் கால் பங்குதான். தொடக்கத்தில் திரும்பிய குண்டு அந்தத் திசையிலேயே மிச்சத் தூரத்தையும் போகிறது அல்லவா. இலக்குக்குப் பின்னால் மண்மேட்டுக்கு அப்பால் பனையோலை சலசலப்பதைப் பார்த்துச் சைட்டைத் திருகுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பனை உயரத்தில் அடிப்பது வேறு காற்று. உங்கள் துப்பாக்கி வாய்க்கு முன்னால் பத்தாவது மீட்டரில் தொங்கும் துணியைப் பாருங்கள். அது தணியும்வரை விசையில் விரலை வைக்காமல் இருங்கள். போட்டியில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காற்று விடும் இடைவெளிகளில் வேகமாகச் சுடவும் அது அடிக்கும்போது காத்திருக்கவும் பயிற்சியிலேயே கடிகாரம் வைத்துப் பழகிக்கொண்டால், ஆடி மாதத்திலும் அந்த நேரத்துக்குள் எல்லாக் குண்டையும் சுட்டு முடித்துவிடலாம்.